ராத்திரியில் லேபில் அப்படி என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாலை ஆறு மணிக்கு லேபைப் பூட்டச் சொல்லி வந்த சுற்றறிக்கையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஸ்காலர்கள், அதாவது முனைவர் பட்ட ஆராய்ச்சி மாணவர்கள், குழுவில் எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள், கைடுகளும் டீனைப் பார்க்கப் போகிறார்கள், நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதைப் பற்றி வந்த செய்தியின் கீழே போய் ஒருவர் "ராத்திரில லேப்ல அப்படி என்னம்மா வேலை? பகல்ல செஞ்சா ஆராய்ச்சி ஆகாதா?" என்று எழுத, அதற்கு இருநூறுக்கு மேல் சிரிப்புக்குறி விழுந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சிரித்தவர்களில் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவர்களும் உண்டு. அவர்களுடைய ஜெல் சோதனை ஓடி முடிகிற வரை பக்கத்தில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

சரி, கேட்டுவிட்டீர்கள். என்ன வேலை என்று சொல்கிறேன்.

வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் வாழும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியாதான் என் வேலை. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஈ.கோலை பாக்டீரியா, மீடியா என்று நாங்கள் சொல்லும் நல்ல சத்துள்ள வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் வளர்ச்சி வரைபடம் கையில் இருக்கும். என்னுடையது அப்படி இல்லை. ஒன்று இரண்டாவதற்கே ஆறு மணிநேரத்துக்கு மேல் ஆகும். பிளேட்டில் காலனி கண்ணுக்குத் தெரிய ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். அதன் வளர்ச்சியை அளக்க வேண்டுமென்றால், ஷேக்கரில் இருக்கும் ஃபிளாஸ்க்கிலிருந்து ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, கலங்கலை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 600 நானோமீட்டரில் வைத்து ரீடிங் எடுக்க வேண்டும். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. இப்படியே பல நாள். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் இதில் எத்தனை ரீடிங் மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். "நடுவுல விட்டதை ஒரு கோடு போட்டு இணைச்சிடலாமே" என்று ஒரு பெரியவர் எனக்கு யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் பொய்.

ராத்திரி நாங்கள் படித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். படிப்பதற்கு விடுதி அறை போதும். உயிருள்ள ஒன்று அதன் வேகத்தில் வளர்கிறது, அதன் நேரத்துக்கு நாங்கள் போக வேண்டியிருக்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"பகல்ல முடிக்கக்கூடியதையாவது பகல்ல முடிங்க" என்று அடுத்த கேள்வி வரும். எங்கள் பகல் எப்படிப் போகிறது தெரியுமா? நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், துறைக்கு ஒழுங்காக ஓடுவது ஒன்றே ஒன்று. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அது சூடேறி, அழுத்தம் வந்து, பிறகு அழுத்தம் இறங்கித் திறக்கிற வரைக்கும் இரண்டு மணிநேரம் ஓடிவிடும். அதற்கு முன்னால் பிப்பெட் டிப் பெட்டிகளை ஒவ்வொரு டிப்பாகக் கையால் நிரப்ப வேண்டும், ஃபிளாஸ்க் வாயில் பஞ்சை இறுக்கி அடைத்துப் பேப்பர் சுற்றி ரப்பர் பேண்டு போட வேண்டும். வெளியே எடுத்த மீடியாவை உடனே பிளேட்டில் ஊற்றினால் மூடியெல்லாம் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் ஃபிளாஸ்க்கிலேயே கட்டியாகிவிடும். கை பொறுக்கிற சூடு வரும் அந்தச் சில நிமிடத்தில், கிருமி படாமல் வேலை செய்யும் ஹூட்டில் பர்னரைப் பற்றவைத்து ஊற்றி முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து ஆள் வரும், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் கோப்புக்கு ஏதோ பட்டியல் வேண்டுமாம். அப்புறம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு பிராக்டிகல். ஒரு பாட்டில் கெமிக்கல் வாங்க மூன்று கொட்டேஷன், ஸ்டோரில் கையெழுத்து. கண்ணாடிச் சாமான் கழுவுவதும் நாங்கள்தான். இதெல்லாம் முடிந்து ஹூட் காலியாகும்போது மணி ஐந்தாகியிருக்கும். என் சொந்த வேலை அப்போதுதான் தொடங்கும்.

எங்கள் லேபில் ஒரு புயல் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். மாலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் எங்கள் டீப் ஃப்ரீசர் இருக்கும் பக்கத்துக்கு லைன் வரவில்லை. அதற்குள் இருந்தவை எனக்கு முந்தைய சீனியர்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கடலைக் கொல்லைகளில் வருடக்கணக்கில் அலைந்து சேர்த்த பாக்டீரியா கல்ச்சர்கள். கிளிசராலில் கலந்து உறையவைத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் இருக்கும். அன்றைக்கு ரீடிங் எடுக்க இருந்த அக்கா ஒருவர் அலாரம் கேட்டு ஓடிப்போய், ஐஸ் மெஷினில் மிச்சமிருந்த ஐஸையெல்லாம் தெர்மகோல் பெட்டியில் கொட்டி, குப்பிகளை அதில் அடுக்கி, வாட்ச்மேன் அண்ணனோடு மழையில் நனைந்தபடி அடுத்த பில்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வாட்ச்மேன் அண்ணன் "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "கடலைக்கு உரம் போடுற பூச்சிண்ணே" என்று அக்கா சொன்னதும் பெட்டியை அவரே தலையில் வாங்கிக்கொண்டாராம். இருநூறு பேர் சிரித்த விஷயம் அவருக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது. அன்றைக்கு லேப் பூட்டியிருந்தால் காலையில் வந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்போம்.

"மக்கள் வரிப்பணத்துல மாசம் 37,000 வாங்கிட்டு என்ன சலிப்பு" என்றும் ஒரு கமெண்ட் பார்த்தேன். 2023 தொடக்கத்திலிருந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 37,000 ஆனது உண்மைதான். தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றவர்களுக்கு அது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000. எங்களைப் போல மாநிலப் பல்கலைக்கழகத்தில் எதுவுமே இல்லாமல், அப்பா அனுப்பும் பணத்தில் ஃபீஸ் கட்டி வேலை செய்கிற ஸ்காலர்கள் எத்தனையோ பேர். எனக்கு ப்ராஜெக்ட் முடிந்தது, சம்பளமும் முடிந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை. கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வெளிநாட்டில் எல்லோரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்களே என்பவர்களிடம் ஒரே வார்த்தை. பிளேட் ரீடர் என்று ஒரு மெஷின் உண்டு. ராத்திரி முழுக்கத் தானே குலுக்கித் தானே ரீடிங் எடுத்து வைத்துக்கொள்ளும். அதை வாங்கிக் கொடுங்கள், நானும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறேன்.

பாதுகாப்பு என்று சொல்பவர்களின் பேச்சை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2011 ஏப்ரலில் ஒரு மாணவி இரவில் பட்டறையில் தனியாக வேலை செய்தபோது கூந்தல் லேத்தில் சிக்கி இறந்துபோனார். கூட ஒருவர் இருந்திருந்தால் மெஷினை நிறுத்தியிருக்கலாம் என்று அதைப் படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் ராத்திரி இரண்டு பேர் இல்லாமல் வேலை கூடாது என்று விதி போடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எங்கள் துறையில் கண்ணில் ஆசிட் தெறித்தால் கழுவ ஐவாஷ் கிடையாது. விஷப் புகையை இழுத்து வெளியேற்ற வேண்டிய ஃபியூம் ஹூட்டின் எக்ஸாஸ்ட் ஓடி வருடக்கணக்காகிறது. அந்த ஆபத்தெல்லாம் பகல் பதினொரு மணிக்கும் இருக்கிறது. அதற்கு ஏன் சுற்றறிக்கை வரவில்லை?

ஏனென்றால் கவலை ஆசிட்டைப் பற்றி இல்லை. "பொம்பளப் பிள்ளைங்க வேற இருக்காங்க" என்று மீட்டிங்கில் சொன்னதாகக் கேள்விப்பட்டோமே, அதுதான் விஷயம். அந்தக் கமெண்ட்டில் "என்னம்மா வேலை" என்று இருந்ததும், இருநூறு பேருக்கும் சிரிப்பு வந்ததும் அதனால்தான். கூட வேலை செய்கிற பையன்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் விடுதி கேட்டை எட்டரைக்கே மூடுகிறார்கள், அவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ராத்திரி ஹூட் ஸ்லாட் எல்லாம் அவர்களுக்குப் போய்விடுகிறது. ஆராய்ச்சி எவ்வளவு முன்னேறியது என்று பார்க்கும் டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில் மட்டும் "உன் டேட்டா ஏன்மா கம்மியா இருக்கு" என்று எங்களிடம் கேட்பார்கள்.

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கமலா பாக்வத் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பின்னாளில் கமலா சொஹோனி என்று அறியப்பட்ட உயிர்வேதியியலாளர். அப்போது இயக்குநராக இருந்த சர் சி.வி. ராமன், பெண் என்பதால் மறுத்தார். கமலா விடாமல் நின்றதும் ராமன் நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார். முதல் வருடம் முறையான மாணவி இல்லை, அவரால் லேபின் சூழல் கெடக் கூடாது, கைடு சொன்னால் ராத்திரி வெகுநேரம் வரைக்கும் இருந்து வேலை செய்ய வேண்டும். அத்தனையையும் ஒப்புக்கொண்டு கமலா வேலை செய்தார், 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் வாங்கினார். அன்றைக்கு ராத்திரி இருந்தே ஆக வேண்டும் என்றார்கள், இன்றைக்கு இருக்கவே கூடாது என்கிறார்கள். உனக்கு என்ன தேவை என்று இரண்டு தடவையும் பெண்ணிடம் கேட்கவில்லை.

என் அப்பா கடலை போடுகிறவர். விதைப்பதற்கு முன்னால் அரிசிக் கஞ்சியில் ரைசோபியப் பொட்டலத்தைக் கரைத்து விதையோடு பிசறி நிழலில் உலர்த்துவார். அந்தக் கறுப்புத் தூளுக்குள் இருப்பதைத்தான் நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லேபில் விழித்திருந்து பார்க்கிறேன். அவர் ஒருநாளும் என்னிடம் "அப்படி என்ன வேலை" என்று கேட்டதில்லை. "சாப்பிட்டியா" என்றுதான் கேட்பார். யாரோ ஒருவருடைய கமெண்ட்டை அவர் பார்த்துவிடுவாரோ என்றுதான் இத்தனை நாளாக எனக்குப் பதற்றம்.

டீன் அலுவலகத்துக்கு மனு தயாராகிறது. லேபில் இரவு வேலைக்கு இரண்டு பேர் விதி, வாட்ச்மேனிடம் ஒரு பதிவேடு, விடுதியில் ஸ்காலர்களுக்கு நைட் பாஸ், அப்புறம் அந்த ஐவாஷ். நாலே நாலுதான். கையெழுத்துப் போட நினைக்கும் ஸ்காலர்கள் துறையின் பெயரோடு இன்பாக்ஸில் வாருங்கள். கைடுக்குத் தெரிந்தால் சிக்கல் என்று பயப்படுபவர்களும் வரலாம், பெயரை வெளியில் சொல்லமாட்டேன்.