மெசென்டெரிக் பேனிகுலைட்டிஸ்: நெய்யை நிறுத்தினால் போகும் நோய் அல்ல

'மெசென்டெரிக் பேனிகுலைட்டிஸ் என்பது தொப்பைக் கொழுப்புதான். நெய்யை நிறுத்தி, பத்து நாள் ஸ்டீராய்டு போட்டால் கரைந்துவிடும்' என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. அந்த ஸ்டீராய்டு யோசனை ஆபத்தானதும்கூட.

சிறுகுடலை முதுகுப்பக்கச் சுவரோடு பிணைக்கும் மடிப்புதான் மெசென்டரி. குடலுக்கான ரத்தக்குழாய்கள் அதிலுள்ள கொழுப்புக்குள் ஓடுகின்றன. இந்த நோயில் அழற்சி வருவது அந்தக் கொழுப்பில், ஒல்லியானவர்களுக்கும் வரும். சி.டி. படத்தில் அது மங்கலாகப் புகை படிந்தாற்போல் தெரியும், ரத்தக்குழாயைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் ஒன்று தெளிவாக மிஞ்சியிருக்கும்.

பலருக்கு இது வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருவது. வலி, காய்ச்சல், எடைக்குறைவு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் குறுக்களவில் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் கவலை, அது லிம்போமாவாகவோ (நிணநீர்ப் புற்றுநோய்) காசநோயாகவோ இருக்கலாம். அப்போது பயாப்சி (திசுப் பரிசோதனை) பற்றி மருத்துவர் யோசிப்பார். அதற்குமுன் ஸ்டீராய்டு போட்டால், லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கித் திசுப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். காசநோயாக இருந்தாலோ கிருமிக்கு வழிவிட்டதாகிவிடும்.

நோய் உறுதியாகி, தொந்தரவும் இருந்தால் வழக்கமாகத் தருவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 40 மி.கி., டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மருந்து 10 மி.கி. இருவேளை. ஸ்டீராய்டைச் சுமார் 3 மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள், சட்டென்று நிறுத்தக்கூடாது. முன்பு காலில் ரத்தக்கட்டு வந்திருந்தால் டமாக்சிஃபென் தொடங்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றால் குடலடைப்பாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.