கெதர் லிவான்ஸ்கியின் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?
ரஷ்ய மின்னணு இசைக் கலைஞர் கெதர் லிவான்ஸ்கி 'ஜனவரி சன்' ஈபியை (குறு ஆல்பம், 2016) ஏபிள்டன் என்ற இசை மென்பொருளில் செய்தார், அடுத்த ஆண்டின் 'அரியாட்னா' ஆல்பத்துக்கு ரோலண்ட் எஸ்ஹெச்-101, ஜூனோ-106 சிந்தசைசர்களுக்கு மாறினார் என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. விஷயமே அங்கேதான். 101இல் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான்; பேஸுக்கு அது போதும். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளுக்கு, ஆறு குரல்களும் (ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள்) ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸும் உள்ள 106.

வாங்க ஆசைப்படுவோருக்கு: 101இல் மிடி (கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் டிஜிட்டல் முறை) கிடையாது, கணினியோடு இணைக்க, மிடியை மின்னழுத்தக் கட்டளையாக மாற்றும் மிடி-சிவி மாற்றி வேண்டும். 106இன் பெரிய தலைவலி, குரல் சிப்புகள் மேல் பூசிய எபாக்ஸி பிசின். பழசானால் மின்கசிவு, ஒரு குரல் மட்டும் கரகரக்கும் அல்லது ஊமையாகும். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்யுங்கள். ஒலிக்கும் குரலின் எண் திரையில் தெரியும். கோரஸை அணைத்துவிட்டுக் கேளுங்கள், அது குறையை மூடிமறைக்கும். கெட்ட சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.