24 மணித்தியாலமும் லைட் போட வேண்டாம்

உங்கள் குறிப்பில், வீட்டுக்குள் வைக்கிற நாற்றுகளுக்கு 24 மணித்தியாலமும் எல்இடி எரியவிட்டால் இரட்டிப்பு வேகத்தில் வளரும் என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள். தக்காளிக்கு அது சரிவராது. போன மார்கழி மழையில் திருகோணமலையில் வெயிலையே காணவில்லை என்று நானும் இராப்பகலாக எரியவிட்டேன். கொஞ்ச நாளில் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சள் படர்ந்துவிட்டது. டைமர் வாங்கி காலை 5 முதல் இரவு 9 வரை, 16 மணித்தியாலம் என்று வைத்த பிறகு வந்த குருத்துகள் நல்ல பச்சை. மிளகாய் நாற்றுக்கும் 14 முதல் 16 போதும்.

பூச்செடி வேறு கதை. கலஞ்சோ (தடித்த இலையுள்ள சின்னப் பூச்செடி), செவ்வந்தி எல்லாம் நீண்ட இருட்டைக் கணக்குப் பார்த்துத்தான் மொட்டு விடும். எங்கள் ஊரில் பகல் எப்போதும் 12 மணித்தியாலத்தை ஒட்டியேதான், கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய அரை மணித்தியாலம்தான், அதனால் ஜன்னலால் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தால்கூட அதன் இரவு கெட்டுப்போகும். உவர்மலையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் அம்மாவின் கலஞ்சோ இரண்டு வருடம் வெறும் இலையாகவே நின்றது, பாவம். பின்னேரம் 5 மணிக்கு ஒரு பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலை 7 மணிக்கு எடுத்தோம், ஆறு கிழமை, ஒருநாளும் விடாமல். அப்புறம் பார்த்தால் நுனியில் கடுகளவு மொட்டு, கொத்துக் கொத்தாக! அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தார்.

எந்தச் செடிக்கு எத்தனை மணித்தியாலம் என்று பிரித்து எழுதுங்கள், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் லைட் போடுவார்கள்.