கறுப்பின மக்களின் நுரையீரல் பிறவியிலேயே சிறியதா?

“கறுப்பின மக்களுக்கு இயற்கையிலேயே நுரையீரல் சிறியது. ஊதும் சோதனையில் அளவு குறைந்தால் அவர்களுக்கு அது நோய் இல்லை” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

சராசரி அளவில் வேறுபாடு இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் வறுமை, அசுத்தக் காற்று, குழந்தைப் பருவ நோய்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. அதைப் பிறவிக் குணம் என்று 19ஆம் நூற்றாண்டில் முத்திரை குத்தியவர்களில் ஒருவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர். அடிமைமுறையை நியாயப்படுத்தவே அதைச் சொன்னார். அப்புறம் அந்த எண்ணம் ஊதும் சோதனைக் கருவிக்குள்ளேயே குடியேறியது. இனம் எது என்று தேர்ந்தெடுத்தால், கறுப்பினத்தவருக்கு எதிர்பார்க்கும் அளவைக் கருவியே 10 முதல் 15 சதவீதம் குறைத்துவிடும். ஆசியர்களுக்கும் 4 முதல் 6 சதவீதம் குறைத்தார்கள். எதிர்பார்ப்பே குறைந்தால், நோயால் வந்த குறைவும் ‘நார்மல்’ என்றே தெரியும்.

இதைக் காட்டிக்கொடுத்தது சிடி ஸ்கேன். அமெரிக்காவின் பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் நகரங்களில் 1985இல் தொடங்கிய, கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கார்டியா ஆய்வில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இனவாரிக் கணக்கில் ‘நார்மல்’ என்று வந்த ஆண்களிலேயே, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் எம்பைசீமா என்ற நுரையீரல் நோய் அதிகமாகத் தெரிந்தது. காற்றறைகள் சிதைந்து, செல்லரித்த ஏடுபோலக் கருந்துளைகள். காகிதத்தில் நார்மல், படத்தில் நோய்! இனம் பார்க்காத கணக்கைப் போட்டபோது இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது.

2023இல் அமெரிக்க மார்புநோய் சங்கமும் இனம் பார்க்காத பொது அளவுகோலையே பரிந்துரைத்தது.