பூக்களின் பள்ளத்தாக்கு: ஒரே நாளில் முடியாது

"ஜோஷிமட்டில் காலையில் கிளம்பினால் பூக்களின் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குத் திரும்பிவிடலாம், இல்லாவிட்டால் உள்ளேயே கூடாரம் போடலாம்" என்று உத்தராகண்ட் இமயமலையில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி யாரும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஜோஷிமட் என்ற மலை நகரிலிருந்து கோவிந்த்காட் சுமார் 20 கி.மீ. அங்கிருந்து புல்னா வரை ஷேர் ஜீப். பிறகு பூங்காவுக்குப் பக்கத்துக் கிராமமான காங்கரியாவுக்குச் சுமார் 10 கி.மீ. ஏற்றம், நடந்து போக ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். விடியற்காலையில் புறப்பட்டாலும் காங்கரியா சேர மதியமாகிவிடும். பூங்கா வாசலிலோ மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மாலை 5 மணிக்குள் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். வாசல் தாண்டிப் புஷ்பவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் செங்குத்தான கல்பாதை வேறு இருக்கிறது. பூங்காவுக்குள் இரவு தங்கவோ கூடாரம் போடவோ அனுமதி கிடையாது.

ஆகவே காங்கரியாவில் குறைந்தது இரண்டு இரவு. அது சுமார் 3,050 மீட்டர் உயரம், முதல் இரவு உடம்பு பழகவும் உதவும். காங்கரியாவிலிருந்து சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் (4,300 மீட்டருக்கு மேல்) போவதென்றால் இன்னொரு நாள் சேருங்கள்.

ஜூன் 1-இல் பூங்கா திறந்தாலும் அப்போது ஓடைகளில் பனிதான் கிடக்கும். பூ நிறைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அது கடும் மழைக்காலமும்கூட. மண்சரிவில், ஜோஷிமட் வழியாகப் போகும் பத்ரிநாத் சாலை அடைபடுவது சகஜம். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு நாளாவது சும்மா விட்டுவையுங்கள், பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துவிடுங்கள்.