பத்து மணிக்கு மேல் பசி வரக்கூடாதாம்

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு எங்கள் உள்ளூராட்சிச் சபையின் தீர்மானப்படி சாப்பாட்டுக் கடையைப் பூட்ட வைத்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எந்தச் சபை, எந்தத் தெரு, எந்தக் கடை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நம்ம ஆட்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்குப் பெயர் தேவையுமில்லை.

கோபம் அடங்கட்டும் என்று பேசாமல்தான் இருந்தேன். இன்றைக்குக் காலையில் ஒரு சபை உறுப்பினர் தன் பேஸ்புக் பக்கத்தில் "ஒழுக்கமான ஊருக்கு முதற்படி" என்று போட்டோ போட்டிருந்தார். பூட்டின ஷட்டருக்கு முன்னால் நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஷட்டருக்கு உள்ளே கல்லில் அரைவாசி கொத்தினபடி கிடந்த ரொட்டியும், பாதிப் பிளேட்டோடு எழும்பி நின்ற சனமும் அந்தப் போட்டோவில் இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தீர்மானம் உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இரவு 10 மணியோடு பூட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் வருகிற "தரமான" உணவகங்கள் மட்டும் விண்ணப்பித்தால் பின்னிரவு வரைக்கும் விசேட அனுமதி. சொல்கிற காரணம் மூன்று: சத்தம், குப்பை, பொடியனுகள் கூடி நிற்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "அப்ப சட்டமே வேண்டாமா" என்று கேட்பீர்கள். வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு வருஷா வருஷம் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், டிசம்பர் 31ஓடு அது முடியும், திரும்பச் சல்லி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து குசினியைப் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. பழைய இறைச்சியைப் போட்டு ஏமாற்றுகிறவன் மேல் அதன் கீழ் வழக்குப் போடலாம், போடுங்கள், நான் கை தட்டுகிறேன். எனக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். சத்தம் போட்டது ஒரு கடை. அதுவும் எது என்று ஊருக்கே தெரியும், பாட்டுப் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை அலற விட்ட கடை. அந்தக் கடைக்காரனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பதிலாகத் தெரு முழுக்கப் பூட்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலைக்கு இப்போது பெயர் தீர்மானம்.

சத்தம்தான் பிரச்சினை என்றால் சத்தத்தைப் பிடியுங்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று. அந்தத் தீர்ப்பு பெட்டி வைத்திருக்கிறவனுக்குப் பொருந்தும். பொலிஸுக்கு ஒரு கோல் போதும். இடியப்பமும் சொதியும் விற்கிறவன் என்ன ஒலிபெருக்கியிலா சொதி ஊற்றுகிறான்?

"கொத்துக் கல்லும் சத்தம்தானே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். உண்மைதான் அண்ணன். கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தோம். கொத்து பிறந்ததே எங்கள் பக்கம்தான் என்று கொழும்புக்குப் போனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறோம், நீங்களும் சொல்வீர்கள். ஊருக்கு வந்தால் அது சத்தம். சரி, 10 மணிக்கு மேல் கல்லில் கொத்தாதே என்று சொல்லுங்கள். பராட்டா போடட்டும், அப்பம் சுடட்டும். கல்லை நிறுத்தச் சொன்னால் விளங்கிக்கொள்வேன். கடையையே ஏன் பூட்டச் சொல்கிறீர்கள்?

இரவில் சாப்பிடுகிறவன் யார் என்று அந்த மண்டபத்தில் யாராவது ஒருத்தர் யோசித்தார்களா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். வசதியான ஆட்கள் எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட்டு, டீவி பார்த்துப் படுக்கிறார்கள். நல்லது. ஆனால் தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு வருகிற லொறிக்காரன் எட்டு மணிக்கு வந்து சேர மாட்டான். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள், நைட் டியூட்டிக்குப் போகிற அட்டென்டன், சவாரி முடிக்காத ஓட்டோக்காரன், வலையோடு வாவிக்கு இறங்கப் போகிறவன், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ராப்பகலாக மெஷின் ஓட்டுகிறவன். இவர்களில் யாருக்கும் வீட்டில் சூடாகச் சோறு காத்திருக்காது. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து நாலு இடியப்பம், ஒரு சம்பல், ஒரு பிளேன்டீ. அவ்வளவுதான் அவர்களுடைய "நைட் லைஃப்".

இவர்களுக்குப் பத்து மணியோடு வயிற்றைப் பூட்டச் சொல்லிவிட்டு, சூட்கேஸோடு வருகிறவனுக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கும் பசிக்கலாம் என்று அனுமதி கொடுக்கிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசிக்குடாவும் அறுகம்பேயும் எத்தனை வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது என்று எனக்கும் தெரியும். வெள்ளைக்காரன் சாப்பிடட்டும், நல்லாச் சாப்பிடட்டும். ஆனால் அவனுடைய சத்தம் வருமானம், எங்கட பொடியன் சிரித்தால் ஒழுக்கக்கேடு, இது என்ன கணக்கு?

அப்பா வார்டில் கிடந்த காலத்தை நான் இங்கே எழுதினதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். அவருக்கு மூச்சுத் திணறல். இரவில்தான் கூடும். ஒரு நாள் பதினொரு மணி தாண்டியிருக்கும், கொஞ்சம் தணிந்து படுத்திருந்தவர் "மகன், சூடா ஏதும் குடிக்கேலுமா" என்று கேட்டார். பகல் முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. பிளாஸ்கில் தண்ணி ஆறிப் போயிருந்தது. கேட்டுக்கு வெளியே வந்தால் ரோட்டில் ஒரே ஒரு கடைதான் வெளிச்சம். உள்ளே ஒரு பொடியன் மேசைகளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான், கல்லாவில் ஒரு வயதானவர். பிளாஸ்கைக் கண்டதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி, முதலில் கொஞ்சம் சுடுதண்ணி விட்டு நல்லாக் குலுக்கிக் கழுவி, பழைய வாடை போன பிறகுதான் நிறைத்தார். மா கரைக்கக் கப் இருக்குதா என்று கேட்டு ஒரு கப்பும் தந்தார். சல்லியை நீட்டினேன். "சுடுதண்ணிக்கு என்ன சல்லி, நோயாளிக்குத்தானே, போங்க தம்பி" என்றார். அப்பா கிடந்த அத்தனை இரவும் அந்தக் கடை திறந்திருந்தது. எனக்கு மட்டுமில்லை, துணைக்கு நிற்கிற எல்லாருக்கும். கொக்கட்டிச்சோலையிலிருந்தும் வாகரையிலிருந்தும் வந்து, போக பஸ் இல்லாமல் வாங்கில் படுத்துக் கிடக்கிற சனம் வேறு எங்கே போகும்?

அந்தக் கடையும் இப்போது 10 மணிக்குப் பூட்டுகிற கடைகளில் ஒன்று. "தரமான உணவகம்" இல்லை அது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, காற்றாடி ஒரு பக்கம் ஆடும். விண்ணப்பித்தாலும் கிடைக்காது.

இன்னொரு ஆளைப் பற்றியும் இந்தத் தீர்மானத்தில் ஒரு வரி இல்லை. எங்கட தெருவில் ஒரு அக்கா இடியப்பம் அவிக்கிறா. நாலு கடைக்குக் கொடுக்கிறா. பின்னேரம் ஒரு சுற்று, எட்டரைக்கு மறுகா ஒரு சுற்று. அந்த இரண்டாம் சுற்றில்தான் பிள்ளைகளின் டியூஷன் காசு. போன கிழமை கடைக்காரர் சொல்லிவிட்டாராம், "இரவைக்குக் கொண்டராத கா, விற்காது" என்று. பிரம்புத் தட்டுகளைக் கழுவிக் கடப்படியில் காய வைத்திருக்கிறா, ஏழு மணிக்கே. கடை பூட்டினால் நட்டம் கடைக்காரனுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். மா இடிக்கிறவ, தேங்காய் கொண்டுவருகிறவன், கோழிக் கடைக்காரன், கல்லில் நிற்கிற மாஸ்டர், பார்சல் கட்டுகிற பொடியன். 2022இல் காஸ் இல்லாமல், கரண்ட் இல்லாமல், விறகடுப்பைப் பற்ற வைத்துப் புகைக்குள் நின்று கடை நடத்தின ஆட்கள் இவர்கள். அன்றைக்கு இவர்களுக்கு உதவி செய்ய ஒரு தீர்மானமும் வரவில்லை.

சரி, இனி மற்றவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெறிகாரர் வருகிறார்கள் என்கிறீர்கள். சாராயத்துக்கு லைசன்ஸ் கொடுக்கிறது மதுவரித் திணைக்களம். பார் எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதிலும் சபைக்குக் கை இல்லை. கை இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று கை இருக்கிற இடத்தில் அடிக்கிறது என்ன நியாயம்? குடித்தவன் ரொட்டிக் கடை பூட்டினால் குடிக்காமல் வீட்டுக்குப் போவானா? பசியோடு, இன்னும் மோசமாகப் போவான்.

வேலை செய்கிற பொடியனுகள் பாவம் என்கிறீர்கள். சரி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்குத் தொழில் திணைக்களம் இருக்கிறது. அங்கே போய் முறையிடுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

குப்பை. குப்பை அள்ளுகிறது சபையின் வேலை. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்ததுதான் உண்மையில் என்னைச் சுட்டது. "பொம்பிளைப் பிள்ளைகள் போகிற ரோட்டில் பொடியனுகள் நிற்கக் கூடாது, அதுதான் நோக்கம்." இதை எழுதினவர் படித்தவர், நான் மதிக்கிறவர். அவரிடம் கேட்கிறேன், ஐயா, பத்தரை மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸால் இறங்குகிற ஒரு பிள்ளைக்கு எந்த ரோடு பயம்? கடை திறந்து, லைட் எரிந்து, கல்லாவில் ஒரு பெரிய மனுஷன் இருக்கிற ரோடா? இல்லை, வரிசையாக ஷட்டர் பூட்டி, தெரு விளக்கும் எரியாமல் கிடக்கிற ரோடா? என் தங்கச்சி நேர்ஸ். நைட் முடிந்து வருகிற நாட்களில் அவள் நேர் வழியை விட்டுவிட்டு, கடைகள் இருக்கிற ரோட்டால் கிறுகித்தான் வருவாள். தூரம் கூட. ஏன் என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையில்லை, ஒவ்வொரு பொம்பிளைக்கும் தெரியும். இப்போது இரண்டு ரோடும் ஒன்றுதான். பாதுகாப்பு என்று சொல்லிச் செய்தது இது.

பொடியனுகளை நல்லாக்க வேண்டும் என்றால் ஒரு மைதானத்துக்கு லைட் போடுங்கள், நூலகத்தை ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். அவன் நிற்க ஒரு இடம் கொடுத்துவிட்டு, மறுகா ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேளுங்கள்.

எனக்குக் கோபம் வருகிறதுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு இரவு என்று ஒன்று இருந்ததே கொஞ்சக் காலம்தான். 90களில் ஆறு மணிக்கு மேல் தெருவில் நாய்தான். விளக்கைத் தணித்து, கதவைச் சாத்தி, றோந்து போகிற சப்பாத்துச் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்த பிள்ளைகள் நாங்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் ஐடென்டி காட்ட வேண்டும். 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகு மெல்ல மெல்ல, 2009இல் யுத்தம் முடிந்த பிறகு கொஞ்சம் துணிந்து, இருட்டின பிறகும் வெளியே வரப் பழகினோம். எட்டு மணி ஒன்பதாகி, ஒன்பது பதினொன்றாகி, ஊர் கண் விழிக்கப் பழகினது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போடு திரும்பவும் ஒரேயடியாக அடங்கினது. 2020இல் கொரோனா ஊரடங்கு. ஒவ்வொரு முறையும் இந்தக் கடைக்காரர்கள்தான் முதலில் லைட்டைப் போட்டார்கள். ஒரு கடையில் வெளிச்சம் வந்தால்தான் பக்கத்துக் கடைக்காரனுக்குத் தைரியம் வரும், அதைப் பார்த்துத்தான் சனம் வரும்.

அப்போதெல்லாம் எங்கட இரவைப் பூட்டினது துப்பாக்கியும் குண்டும் நோயும். இந்த முறை பூட்டினது நாங்கள் வாக்குப் போட்ட கை. 2023 மார்ச்சோடு சபைகள் கலைந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லாமல், ஒரு வடிகான் உடைந்தாலும் கந்தோருக்கு அலைந்தோம். 2025 மே 6 வெயிலில் வரிசையில் நின்றோம். வீட்டுக்கு வந்து கும்பிட்டுக் கேட்டீர்கள். நோட்டீஸில் ரோடு இருந்தது, விளக்கு இருந்தது, தண்ணி இருந்தது. பத்து மணிக்குக் கடை பூட்டுகிறது எந்த நோட்டீஸில் இருந்தது? தெரு விளக்குப் போடுவோம் என்று வந்தவர்கள், கடைக்காரன் தன் கரண்ட் காசில் எரித்த விளக்கையும் அணைத்துவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள்.

தகவலறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாளைக்குக் கந்தோரில் படிவம் கொடுக்கப்போகிறேன். சத்தம் பற்றி எத்தனை முறைப்பாடு வந்தது, எந்தெந்தக் கடை மேல் வந்தது, பின்னிரவு அனுமதி இதுவரை யார் யாருக்குக் கொடுத்தீர்கள், எதை வைத்து "தரம்" பார்த்தீர்கள். 14 வேலை நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிலை இங்கேயே போடுவேன். முறைப்பாடு எல்லாம் ஒரே கடை மேல்தான் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கடைசியாக, இன்பாக்ஸில் வந்து "கடைக்காரர் சங்கம் உங்களுக்கு எவ்வளவு தந்தது" என்று கேட்ட தம்பிக்கு. ஒரு பிளாஸ்க் சுடுதண்ணி, தம்பி. பெயரோடு வந்து கேட்டிருந்தால் பெயரோடு பதில் சொல்லியிருப்பேன்.