குரல் செய்தியைக் கணக்கில் சேர்க்கவில்லையே

ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூகனைத் துணைக்கு அழைத்து, கைப்பேசி நம் இளையோரின் தமிழைத் தின்றுவிட்டது என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். ஊடகம் சுமந்து வரும் செய்தியைவிட ஊடகத்தின் வடிவமே மனிதரை மாற்றுகிறது என்று மக்லூகன் 1964இல் எழுதினார். சரி. ஆனால் கைப்பேசிக்குள் ஒரே வடிவம்தானா இருக்கிறது?

மலேசியாவின் பினாங்கில், மலாய் வழி தேசியப் பள்ளியில் படித்த என் அக்காள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்ட வராது. குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் தட்டச்சு செய்த காலத்தில் அவர்கள் வாயே திறக்கவில்லை. குரல் செய்தி வந்த பிறகு பாட்டியோடு தினமும் வம்பளக்கிறார்கள். இதற்கு மக்லூகனைவிட அவருடைய மாணவர் வால்டர் ஓங் பொருத்தமானவர். வானொலியும் தொலைக்காட்சியும் கொண்டுவந்ததை அவர் 1982இல் ‘இரண்டாம்நிலை வாய்மொழி’ என்று விளக்கினார்: எழுத்தின் மேல் நின்றுகொண்டே பேச்சு திரும்புகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. வாய்ச்சொல் காற்றோடு போய்விடும் என்பதால்தான் நாம் கோபத்தில் எதையும் பேசுகிறோம். குரல் செய்தி போகாது. சித்தி ஆத்திரத்தில் குரல் செய்தியில் சொன்ன ஒரு வாக்கியம் அன்று மாலையே கிள்ளானில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தீபாவளிக்குக்கூட இரு வீட்டாரும் பேசிக்கொள்ளவில்லை. கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டில் கைப்பேசிக்குத் தடை என்ற அவருடைய யோசனை எங்களுக்கு ஒத்துவராது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பிக்கு அதற்குப் பிறகுதான் பேச நேரம் கிடைக்கும்.